முப்பத்தொன்று புள்ளி இரண்டு

இறங்கட்டும், பைய இறங்கட்டும், யாரு இப்ப வெரட்டுதா. ஆயிரத்து நாப்பதுல தொடங்குன மீட்டரு ஆயிரத்து இருபத்தெட்டுக்கு வந்திருக்கு. தண்ணியில உப்பு குறையக் குறைய இந்த நம்பரும் குறையும், அம்புட்டுதான் விஷயம். மூணு பத்துக்குப் போட்டேன், மூணு அம்பதுக்கு முடியும். அதுவரைக்கும் ஜெயசீலி மேடம் ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும். பாலிடெக்னிக்ல பதினெட்டு வருஷமா கெமிஸ்ட்ரி நடத்துதவ, நாப்பத்திரண்டு வயசுல பி.எச்.டி. பண்ணுதேன்னு லீவு போட்டுட்டு, தூத்துக்குடியில பஸ் ஏறி இந்த லேபுக்கு வந்து, ஒரு டம்ளர் உப்புத் தண்ணிக்குக் காவல் இருக்கா. கேட்டா சிரிப்பாவ. எங்க வீட்ல அவுக சிரிக்கத்தான் செய்யுதாவ. “என்னளா, இன்னைக்கும் உப்பு பிடிக்கப் போறியா”ன்னு காலையில செருப்பு மாட்டும்போதே கேட்டாச்சு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுத மனுஷன், ஒரு தூக்குக்கு இருவது டன்னு தூக்குதவுக. நான் நாப்பது நிமிஷத்துல தூக்குதது ஒண்ணேகால் மில்லிகிராம். சிரிச்சா சிரிக்கட்டும். ஆயிரத்து இருபத்தாறு. பம்பு டொக்கு டொக்குன்னு ரப்பர் குழாயப் பிதுக்கிப் பிதுக்கித் தண்ணிய உள்ள அனுப்புது, மத்தியானம் சாப்பிட்ட நெத்திலிக் குழம்பு இன்னும் விரல்ல மணக்குது, எத்தன தரம் சோப்பு போட்டாலும் போகமாட்டேங்குது. ஏ.சி. இருந்தும் கழுத்துல வேர்க்குது. பக்கத்துல கெடக்க அந்தப் பழைய நோட்ட இப்பத் தொடப்பிடாது. இந்த நாப்பது நிமிஷ ஓட்டம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்.

உள்ள இருக்கது ரெண்டே ரெண்டு தகடு, அதுமேல கருப்பா ஒரு பூச்சு, தோசைக்கல்லுல மாவு இழுத்த மாதிரி. எல்லாம் சீமை உடைமரத்துக் கரிதான். விளாத்திகுளம் ரோட்டோரம் மூட்டை மூட்டையா அடுக்கிப் போட்டிருப்பாங்களே, அதே கரி. அதக் கழுவி, அரச்சு, பொட்டாஷ் சேத்து, எண்ணூறு டிகிரியில சுட்டு எடுத்தா உள்ளுக்குள்ள முழுக்க ஓட்டை. கண்ணுக்கு ஆப்புடாத ஓட்டை. ஒரு கிராம் கரிக்குள்ள இருக்க அந்த ஓட்டைச் சுவரையெல்லாம் எடுத்து விரிச்சா முப்பத்தஞ்சு சென்டு நிலத்துக்கு வரும்னு சொன்னா எங்க அத்தான் நம்பவே மாட்டாவ. “அப்ப ஒரு கிலோ வாங்கிப் போடு, பிள்ளைக்கு ஆகும்”னு கேலி பண்ணுனாவ. சோடியம் பிடிக்குத தகட்டுல மட்டும் கரிக்கு மேல மாங்கனீசு ஆக்சைடு, நுண்ணிசா ஊசி ஊசியா முளைச்சு நிக்கும். டார்ச்சு பேட்டரிய விடக் குறைஞ்ச வோல்ட்டு குடுத்தாப் போதும், ஒரு தகடு சோடியத்த இழுக்கும், இன்னொண்ணு குளோரைட இழுக்கும், நடுவுல ஓடுத தண்ணி நல்ல தண்ணியா வெளிய வரும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, உப்பப் பிடிக்கும்போதே அது கரண்டையும் பிடிச்சு வச்சுக்கிடும். வயரச் சேத்துவிட்டா உப்பையும் விட்டுரும், வாங்குன கரண்டுல பாதிக்கு மேல திருப்பியும் குடுத்துரும். தண்ணி சுத்தம் பண்ணுத பொட்டியே பேட்டரி. இத மொதல்ல படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கல, அம்புட்டு சந்தோசம். எங்க வீட்டுக் குழாயில வருத தண்ணியக் கெட்டில்ல காய்ச்சுனா அடியில வெள்ளையா ஓடு கட்டும். குடிக்க கேன் தண்ணி, குளிக்கச் சவர்த் தண்ணி, தலைமுடியெல்லாம் தேங்காநாரு. நம்ம கரிய வச்சே நம்ம தண்ணிய மாத்திரலாம்னு நான் நினைச்சதுல தப்பு இல்ல. அது இன்னும் தப்பு இல்ல. பத்தொம்பதரை கூட நல்ல நம்பர்தான். ஐயோ, பாத்தியா, அங்கதான் போய் நிக்குது புத்தி. ஆயிரத்துப் பதினாலு.

முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு. ஒரு கிராம் கரி முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு மில்லிகிராம் உப்பப் பிடிக்கும்னு ரெண்டு வருஷத்துக்கு முந்தி நான் எடுத்த நம்பர். அத எடுத்த மறுநாள் ஒரு கிலோ மக்ரூன் வாங்கிட்டு வந்து லேபு முழுக்கக் குடுத்தேன். எங்க கைடு கோமதிநாயகம் சாரு மூணு எடுத்துச் சாப்பிட்டாரு. சாருக்கு என்ன விட ஆறு வயசு கம்மி. நான் அவர சாரும்பேன், அவரு என்ன மேடம்பாரு, ரெண்டு பேருக்கும் கூச்சம். அன்னைக்கு அவரு கூச்சத்த விட்டுட்டு, “மேடம், இது உண்மையிலயே முப்பத்தொண்ணா”ன்னு சின்னப் பிள்ள மாதிரி கேட்டாரு. மூணு தரம் ஓட்டியிருக்கேன் சார்னு சொன்னேன். மூணு தரமும் ஓட்டுனேன், பொய்யில்ல. அதே தகட்ட மூணு தரம் ஓட்டுனேன். அப்புறம் அதே தகட்டுல கரண்டு எம்புட்டுச் சேருதுன்னு பாத்தோம், அதுவும் சொல்லிவச்ச மாதிரி அதிகமா வந்துச்சு. உப்புக்குக் கரண்டு சாட்சி, கரண்டுக்கு உப்பு சாட்சி. பேப்பர் வந்துச்சு, சாரு அந்த நம்பரப் பெருசா அடிச்சு வராந்தாவுல போஸ்டர் ஒட்டுனாரு. அதுக்கப்புறம் லேபுல ஒரு வழக்கம் வந்துட்டு. யாரு புதுசா கரி அரச்சுப் பசை கலக்குனாலும் மொதத் தகட்ட எங்கிட்டதான் கொண்டு வருவாங்க. “அக்கா, மொதப் பூச்சு நீங்க பூசிக் குடுங்க, உங்களுக்குக் கைராசி.” என்ன பிள்ளைகளா, சயின்ஸ் படிச்சுட்டுக் கைராசியாம் கைராசின்னு நான் ஏசுவேன். ஏசிக்கிட்டே கைய நீட்டுவேன். எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஒளிச்சு என்ன செய்ய, ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. வீட்ல நான் வச்ச சாம்பாரக்கூட யாரும் நல்லாருக்குன்னு சொன்னது கிடையாது. இங்க இருவத்தஞ்சு வயசுப் பிள்ளைக எல்லாம் ஆளுக்கொரு தகட்டத் தூக்கிட்டு எங்கிட்ட வரிசையில நின்னுச்சுக.

அந்த வரிசையில எட்டு மாசம் முந்தி வந்து நின்னவ ஹபீபா. அந்தா ஜன்னலோரத்து மேசையில உக்காந்திருக்கா, குனிஞ்ச தல நிமிரல. காயல்பட்டினத்துப் பிள்ள. என் முப்பத்தொண்ண நம்பித்தான் அவளுக்குத் தலைப்பே குடுத்தாரு சாரு. அதே கரி, அதே ஊசி, அத முப்பத்தொண்ணுலேர்ந்து நாப்பதுக்குக் கொண்டு போகணும். மொதல்ல முப்பத்தொண்ண எடுத்துக் காட்டணும்லா, அதுவே வரல. எட்டு மாசமா வரல. பத்தொம்பது, இருவது, பதினெட்டரை, பத்தொம்பது. ஒவ்வொரு தரமும் நோட்டத் தூக்கிட்டு எங்கிட்ட வருவா. நான் என்ன சொன்னேன்? பூச்சு ஒரே சீரா இல்ல பிள்ள. கை நடுங்குதுளா உனக்கு. அவசரப்படுத நீ. இதத் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேர்ந்து செய்யி. ஒரு நாள், “இந்த வேலைக்குப் பொறுமை வேணும் ஹபீபா, எல்லாருக்கும் அமையாது”ன்னு சொன்னேன். நல்லெண்ணத்துலதான் சொன்னேன். அவ அழல, தலைய ஆட்டிட்டுப் போயி சாடிகளக் கழுவுனா. இன்னைக்குக் காலையில வந்து, “யக்கா, நான் பி.எச்.டி.ய விட்டு நின்னுக்கிடுதேன். லெட்டர் எழுதிட்டேன், நாலு மணிக்கு சார் மீட்டிங் முடிச்சு வந்ததும் குடுத்துருவேன்”னா. பொறு பிள்ள, இன்னைக்கு நானே உன் கண்ணு முன்னால செஞ்சு காட்டுதேன், நீ எங்க தப்பு பண்ணுதேன்னு பாத்துக்கோன்னேன். எம்புட்டுத் திமிரு இருந்தா அப்பிடிச் சொல்லியிருப்பேன். அவளுக்குச் செஞ்சு காட்டணும்னு நேத்து சாயங்காலமே ரெண்டு செட்டுத் தகடு பூசி ஓவன்ல வச்சுட்டுப் போயிருந்தேன். காலையில எடுத்து, ஆறவச்சு, எடை போட்டு ஓட்டுனேன். பத்தொம்பது புள்ளி ஆறு. ஹபீபா அந்த நம்பரப் பாத்தா. என் முகத்தப் பாத்தா, அப்புறம் அவ மேசைக்குப் போயிட்டா. சரி, ஏதோ கோளாறு, இன்னொரு தரம் ஓட்டுவோம்னு மூணு பத்துக்கு மறுபடி போட்டதுதான் இது. ஆயிரத்து அஞ்சு.

நோட்டத் தொடப்பிடாதுன்னு சொல்லிக்கிட்டே கை போயி விரிச்சுட்டு. பழைய நோட்டு, நீல அட்டை, வீட்டு அலமாரியில கிடந்தத இன்னைக்குன்னு தூக்கிட்டு வந்தேன். ஹபீபாவுக்குக் காட்டத்தான். முப்பத்தொண்ணு வந்த நாளு. ஆரம்பம் ஆயிரத்து நாப்பத்தொண்ணு, முடிவு தொள்ளாயிரத்து எழுபத்து நாலு. இறக்கம் அறுபத்தேழு. இன்னைக்குக் காலையில? ஆயிரத்து நாப்பது, தொள்ளாயிரத்து எழுபத்து மூணு. அறுபத்தேழு. என்ன கர்த்தாவே இது, ரெண்டும் ஒண்ணு. அன்னைக்குப் பிடிச்ச உப்பும் இன்னைக்குப் பிடிச்ச உப்பும் ஒரே அளவு. அப்ப நம்பர் எங்க மாறுச்சு? பிடிச்ச உப்பக் கரியோட எடையால வகுக்கணும், அம்புட்டுதான கணக்கு, கரண்டுக்கும் அதே எடைதான். இன்னைக்கு ரெண்டு தகட்டுலயும் சேத்துக் கரி அறுபத்தாறு மில்லிகிராம். அன்னைக்கு நாப்பத்தொண்ணு. அதே பசை, அதே அளவு, அதே கம்பிய வச்சு இழுத்த பூச்சு, இருவத்தஞ்சு மில்லிகிராம் கரி எங்க போச்சு? எலியா தின்னுச்சு? பக்கத்துல என் கையெழுத்துலயே நேரம் போட்டிருக்கு, பாலிடெக்னிக்ல பிள்ளைகளுக்கு “நேரம் எழுது, நேரம் எழுது”ன்னு கத்திக் கத்தி எனக்கு வந்த பழக்கம். ஓட்டுனதுக்கு முந்துன நாளு, ஓவன்லேர்ந்து எடுத்தது மூணு நாப்பது. எடை, மூணு நாப்பத்திரண்டு. ரெண்டு நிமிஷம். நூத்துப்பத்து டிகிரியில வெந்துகிட்டிருந்த தகட்ட, அது உக்காந்திருக்க கண்ணாடித் தட்டோட ரெண்டே நிமிஷத்துல தராசுல வச்சிருக்கேன். மவளுக்கு அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா, மயிலு டான்ஸ், நாலு பத்து பஸ்ஸ விட்டா அடுத்தது அஞ்சரை. அந்த மயிலுத் தோகை ஞாபகம் இருக்கு, மேடையில ஒரு பக்கம் சரிஞ்சு தொங்குனது கூட ஞாபகம் இருக்கு. தகட்ட ஆறவச்சேனா இல்லையாங்கது மட்டும் ஞாபகம் இல்லாமப் போச்சு பாரு.

சூடா இருக்கத எடை போடாதீங்கடா. ஜூன் மாசம் மொத லேபு கிளாஸ்ல நான் சொல்லுத மொத வாக்கியம் அது. சூடான பொருளச் சுத்திக் காத்து மேல எழும்பும், தட்டயும் சேத்துக் கொஞ்சம் தூக்கும், எடை குறைச்சுக் காட்டும், ஆறுன பொறவுதான் தராசு. பதினெட்டு வருஷத்துல ஆயிரத்து ஐந்நூறு பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். ஒரு பையன் சூடா வச்சான்னு அவன் ரெக்கார்டு நோட்ட ஜன்னல் வழியா எறிஞ்சேன், கூறு கெட்டவ. ஆயிரம். சரியா ஆயிரம். இல்ல, பொறு, உடனே தலையில அடிச்சுக்காத. ரெண்டு நிமிஷத்துல ஆறியிருக்கலாம். அன்னைக்குப் பசை கொஞ்சம் தண்ணியா இருந்திருக்கலாம். கம்பி மாறியிருக்கலாம். நோட்டுல நேரத்தத் தப்பா எழுதியிருக்கலாம். எம்புட்டு “லாம்” வேணும் உனக்கு? ரெண்டாவது செட்டு இன்னும் ஓவன்லதான் இருக்கு. பூசுறதுக்கு முந்தியே வெறும் தகட்டையும் தட்டையும் எடை போட்டு எழுதியாச்சு. எடுத்துப் பாத்துரலாமே, ரெண்டு நிமிஷ வேலை. எடுத்துப் பாத்தா தெரிஞ்சு போயிருமே. எழுந்திரி ஜெயசீலி. இடுக்கியால ஒரு தகட்டத் தட்டோட பிடிச்சு, தராசு ரூமுக்கு ஆறு எட்டு, கண்ணாடிக் கதவ மூடுனேன். கரி இருவது மில்லிகிராம்னு காட்டுச்சு. பாத்துக்கிட்டே நின்னேன். இருவது புள்ளி நாலு. இருவத்தொண்ணு. இருவத்திரண்டரை. நிக்கவே இல்ல, படி ஏறுத மாதிரி ஒவ்வொண்ணா ஏறுச்சு. இருவத்தேழுல என் கண்ணுல தண்ணி வந்துட்டு. ஈரம் இழுத்து ஏறுதோன்னு ஒரு கடைசி நப்பாசை, அதையும் விடப்பிடாதுன்னு தட்டத் தூக்கி டெசிகேட்டர்ல வச்சேன். அது ஈரம் படாம ஆறவைக்குத கண்ணாடிச் சாடி. இருவது நிமிஷம் இருக்கட்டும். திரும்பி வந்து ஸ்டூல்ல உக்காந்தேன். பம்பு டொக்கு டொக்குங்குது. அதுக்கென்ன, அது பாட்டுக்கு ஓடுது.

யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டுந்தான் தெரியும். நோட்டு என் அலமாரியில இருந்தது, திரும்பப் போயி அங்கயே படுத்துக்கிடும். அடுத்த மாசம் தீசிஸ் குடுக்கணும். அஞ்சு வருஷம். சனிக்கிழம, ஞாயித்துக்கிழம, பெரிய லீவு, எல்லாம் இதுலயே போச்சு. தீசிஸ்ல அந்த அத்தியாயந்தான் மையம், அத உருவுனா மிச்சம் என்ன நிக்கும்? வைவாவுல எவனும் நூத்துப்பத்து டிகிரியப் பத்திக் கேக்கப் போறதில்ல. லோகத்துல எத்தனையோ பேரு எத்தனையோ நம்பரப் போட்டிருக்கான், எல்லாரும் ஆறவச்சா போட்டான்? போன் அடிக்குது, அவுகதான். “என்ன, நாலு பத்தப் பிடிச்சுருவியா, இல்ல அஞ்சரையா?” அஞ்சரைதான் அத்தான்னேன். “ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? உப்பு மாட்டேன்னுட்டா?” ஒண்ணுமில்ல, வையுங்கன்னு வச்சுட்டேன். சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பாவ? கிரேன்ல எடை தப்பா காட்டுனா அந்த எடத்துலயே நிறுத்திருவோம், தொங்கவிட்டுக்கிட்டு யோசிக்க மாட்டோம்பாவ. அவுகளுக்கு ஈசி, கீழ ஆளு நிக்கும், கண்ணுக்குத் தெரியும். எனக்குக் கீழ யாரு நிக்கா? யாருமில்ல. யாருமில்லன்னு சொல்லிக்கிட்டே ஜன்னலப் பாக்குதேன். ஹபீபா மேசையத் துடைச்சுக்கிட்டு இருக்கா. போறவ என்னத்துக்கு மேசையத் துடைக்கா? ஒவ்வொரு சாடியா எடுத்து, பேரு ஒட்டியிருக்க சீட்டக் கிழிச்சு, கழுவிக் கவுத்துதா. அடுத்து வாரவுகளுக்குச் சுத்தமா இருக்கணுமாம். நடுங்குத கையின்னு நான் சொன்ன கையி, ஒரு சாடிகூட ஒண்ணோட ஒண்ணு மோதல. தொள்ளாயிரத்து எண்பத்தொண்ணு.

அவ போயிட்டா எல்லாம் அடங்கிரும். அதுதான் உள்ளுக்குள்ள ஓடுதது, வேற என்ன. முப்பத்தொண்ண மறுபடி எடுக்க முயற்சி பண்ணுத ஒரே ஆளு அவதான். அவ லெட்டரக் குடுத்துட்டு வண்டி ஏறிட்டா அவளுக்குப் பொறுமை இல்லன்னு முடிஞ்சு போகும், என் நம்பர் வராந்தாவுல தொங்கிக்கிட்டே இருக்கும், வாரவன் போறவன் எல்லாம் தகட்டத் தூக்கிட்டு எங்கிட்டயே வருவான். சீ, என்ன மனுஷி நான். ஆனா நெசமாவே ஒரு நிமிஷம் அவ சீக்கிரம் போயிரணும்னுதான் நெனச்சேன். மூணு முப்பத்தொம்பது. எழுந்திரிச்சுப் போயி டெசிகேட்டரத் திறந்தேன், மூடி கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு. தட்டு சில்லுன்னு இருந்துச்சு. தராசுல வச்சேன். முப்பத்திரண்டு புள்ளி ஒம்பது. அசையல. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், முப்பத்திரண்டு ஒம்பதுலயே நிக்குது. சூட்டுல குறைஞ்சு காட்டுனது ஒரு தகட்டுக்குப் பன்னிரண்டரைக்கு மேல, ரெண்டுக்கு இருவத்தஞ்சு. காணாமப் போன இருவத்தஞ்சு மில்லிகிராமும் கிடைச்சுட்டு. தராசு ஒரு சின்னச் சீட்டு அடிச்சுக் குடுக்கும், சூடா வச்சப்ப அடிச்ச சீட்டையும் இதையும் சேத்து நோட்டுக்குள்ள வச்சேன். நெஞ்சு படபடன்னு இல்ல, அதான் ஆச்சரியம். பல்லப் பிடுங்குன பொறவு இருக்குமே, அந்த மாதிரி மரத்துப் போயி இருந்துச்சு. தொள்ளாயிரத்து எழுபத்து நாலு. எழுபத்து மூணு. நின்னுட்டு. மூணு அம்பது. ஸ்விட்ச அணைக்கல, மறந்துட்டேன்.

“ஹபீபா, இங்க வாளா”ன்னேன். ஈரக்கைய துப்பட்டாவுல துடைச்சுக்கிட்டே வந்தா. “என்னக்கா, இப்பவும் பத்தொம்பதா?” ஆமா பிள்ள, எப்பவும் பத்தொம்பதுதான், முப்பத்தொண்ணுங்கது பொய்யி, நான் தகட்டச் சூடா எடை போட்டுட்டேன்னேன். யோசிச்சு வச்ச வாக்கியம் எதுவும் வரல, இதுதான் வந்துச்சு. அவளுக்கு மொதல்ல விளங்கல. நோட்டுல நேரத்தக் காட்டுனேன், ரெண்டு சீட்டையும் காட்டுனேன். அவ கெட்டிக்காரி, சீட்ட ரெண்டாந்தரம் பாக்கல. “நான் வந்த மொத மாசமே பத்தொம்பது எடுத்தேனேக்கா.” ஆமா பிள்ள. “நீங்க தூக்கிப் போடச் சொன்னீங்க.” ஆமா. “எட்டு மாசமும் எனக்குச் சரியாத்தான் வந்துச்சா?” சரியாத்தான் வந்துச்சு, இந்த லேபுலயே சரியா செஞ்சது நீ ஒருத்திதான்னேன். அழுவான்னு நெனச்சேன், இல்ல என் கையப் பிடிச்சுக்கிடுவான்னு நெனச்சேன், அதுக்கெல்லாம் மனசுக்குள்ள தயாராத்தான் இருந்தேன். அவ முகம் செவந்து போச்சு. “எங்க சாச்சி மவ நிக்காஹ்வுக்கு மருதாணி வைக்க என்னத்தான் கூப்பிட்டாங்க. சின்னதுலேர்ந்து எல்லாருக்கும் நான்தான் வைப்பேன். எங்கையில எது தொட்டாலும் விளங்க மாட்டேங்குதுன்னு நான் போகலக்கா. தலைவலின்னு பொய் சொல்லிட்டு ஹாஸ்டல்ல படுத்துக்கிட்டேன்.” மன்னிச்சிரு பிள்ளன்னேன். அது போதாதுன்னு சொல்லும்போதே தெரிஞ்சுது. அவ குனிஞ்சு, நான் மறந்த ஸ்விட்ச அணைச்சா. “சார்ட்ட சொல்லுவீங்களா?” சொல்லத்தான் போறேன். “எப்போ?” நாளைக்கு, பேப்பரெல்லாம் சரி பண்ணி எடுத்துக்கிட்டு, நிதானமான்னு வாயில வந்துட்டு. “நாளைக்குன்னா நான் இன்னைக்கே போயிருவேன்க்கா”ன்னா. கோபமா சொல்லல, பஸ் நேரம் சொல்லுத மாதிரி சொன்னா.

நாலு அஞ்சுக்கு சாரு ரூமுல இருந்தாரு. நான் உள்ள போனேன், ஹபீபா கதவுப் பக்கத்துலயே நின்னுக்கிட்டா. அவள வாசல்ல பாத்ததும் சாரு, “என்ன ஹபீபா, ஏதோ பேசணும்னியே”ன்னாரு. மொதல்ல நான் சொல்லிக்கிடுதேன் சார்னு நோட்ட மேசையில விரிச்சேன். எல்லாத்தையும் சொன்னேன், மயிலு டான்ஸக் கூட விடல, அது எதுக்குன்னு எனக்கே தெரியல. சாரு எழுந்திரிக்கல, சத்தம் போடல. ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. “ஈரம் ஏறலையே?” இல்ல சார், டெசிகேட்டர்ல வச்சுத்தான் பாத்தேன். “இறக்கம் ரெண்டு நாளும் அறுபத்தேழுதானா?” அறுபத்தேழுதான் சார். அவரு போன் அடிச்சுச்சு, பாக்காமயே அமத்துனாரு. பாவமா இருந்துச்சு. முப்பத்தாறு வயசு, அந்த நம்பர நம்பி எத்தன எடத்துல நின்னு பேசியிருப்பாரு, எத்தன பேருக்கு எழுதியிருப்பாரு. தண்ணி பாட்டிலத் திறந்து ஒரு வாய் குடிச்சாரு. அப்புறம் குரலத் தாழ்த்தி, என் முகத்தப் பாக்காம, நோட்டப் பாத்துக்கிட்டே, “இது யாருக்கெல்லாம் தெரியும் மேடம்”னு கேட்டாரு.

கெட்ட மனுஷன் இல்ல. மெதுவாத்தான் கேட்டாரு, பிள்ளைக்குக் காய்ச்சலான்னு கேக்குத மாதிரி. அந்தக் கேள்வி எனக்கு இதமா இருந்துச்சு, அத எப்பிடி இல்லன்னு சொல்ல. உங்களுக்கும் எனக்குந்தான் சார்னு ஒரு வாக்கியம் முழுசா உருண்டு தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. அத மட்டும் சொன்னாப் போதும், நோட்ட அவரே மூடிருவாரு, அடுத்த மாசம் தீசிஸ், ஆறு மாசத்துல டாக்டர் ஜெயசீலி. வாயத் திறந்தேன். எதச் சொல்லத் திறந்தேன்னு சத்தியமா இப்பவும் எனக்குத் தெரியாது.

“எனக்குத் தெரியும் சார்”னு பின்னாலேர்ந்து சத்தம் கேட்டுச்சு. ஹபீபா உள்ள வந்து, அவரு சொல்லாமயே எனக்குப் பக்கத்து நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா.